முளைகட்டிய வெந்தயமும் 1857-ஆம் வருஷக் கண்ணாடிக் குழாயும்

இன்னைக்கு ஒரே ஒரு கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு நூற்று அறுபது வருஷத்துக்கும் மேல பின்னாடி போகப் போறோம். கேள்வி இதுதான்: ஒரு விதையின் மேல் ஆபத்தான கிருமி ஒட்டியிருக்கிறது. கிருமி சாகணும், ஆனா விதை சாகக்கூடாது. எப்படிச் செய்வீங்க?

கேட்க விடுகதை மாதிரி இருக்கும். ஆனால் 2011-இல் ஜெர்மனியில் 53 பேர் இறந்ததற்குப் பின்னால் இருந்தது இந்தக் கேள்விதான். அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

வெள்ளரிக்காய் இல்லை, வெந்தயம்

2011 மே மாதம். வட ஜெர்மனியில், குறிப்பாக ஹாம்பர்க் பக்கம், ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கோடு ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தார்கள். காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் ஒரு கொடிய வகை, ஓ104:ஹெச்4. இந்த மாதிரி ஈ.கோலை வழக்கமாகச் சின்னக் குழந்தைகளைத்தான் மோசமாகத் தாக்கும். இந்த முறை நல்ல ஆரோக்கியமான பெரியவர்கள், அதிலும் பெண்கள் அதிகம் பேர் படுக்கையில் விழுந்தார்கள். மொத்தம் 3,800-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது. அதில் 855 பேருக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும் நிலைக்குப் போனது.

முதலில் பழி விழுந்தது ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய் மேல். ஒரே வாரத்தில் ஐரோப்பா முழுக்க வெள்ளரிக்காய் வாங்க ஆள் இல்லை. ஸ்பெயின் விவசாயிகள் விளைந்த காயைக் கொட்டி அழித்தார்கள். பிறகு சோதித்துப் பார்த்தால், வெள்ளரிக்காயில் இருந்த ஈ.கோலை வேற வகை. நோயைப் பரப்பியது அது இல்லை.

ஜூன் மாதம் விசாரணை லோயர் சாக்சனி மாநிலத்தில் ஒரு பண்ணைக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் விற்றது முளைகட்டிய பயறு வகைகள், அதாவது ஸ்ப்ரவுட்ஸ். அதே மாதம் பிரான்ஸில், போர்தோ நகரத்துக்குப் பக்கத்தில், இன்னொரு சின்னக் கூட்டத்துக்கு அதே கிருமியால் நோய் வந்தது. இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருந்த ஒரே பொருள், எகிப்திலிருந்து இறக்குமதியான வெந்தயம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த வெந்தயத்தை எடுத்துச் சோதித்தபோது கிருமி சிக்கவே இல்லை. எந்தக் கடைக்கு எந்த மூட்டை போனது என்று பின்தொடர்ந்துதான் இந்த முடிவுக்கே வந்தார்கள். அப்படின்னா விதையில் இருந்தது அவ்வளவு கொஞ்சம். அவ்வளவு கொஞ்சம் எப்படி இவ்வளவு பேரைச் சாய்த்தது?

முளைகட்டுறது எப்படின்னு யோசிச்சுப் பாருங்க. ஈரம், மிதமான சூடு, சில நாள் காத்திருப்பு. லேபில் பாக்டீரியா வளர்க்கவும் இதையேதான் செய்வார்கள். ஒரே ஒரு பாக்டீரியா அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பிரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மணி நேரத்தில் 20 இரட்டிப்பு. இரண்டின் 20-ஆம் அடுக்கு 10,48,576. ஒன்று, ஒரே ராத்திரியில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். அப்புறம் அதைச் சமைக்காமல் சாலட்டில் போட்டுச் சாப்பிடுகிறோம்.

இது முதல் தடவையும் இல்லை. 1996-இல் ஜப்பானின் சகாய் நகரத்தில் ஆயிரக்கணக்கான பள்ளிக் குழந்தைகளுக்கு ஈ.கோலை ஓ157 நோய் வந்தபோது சந்தேகம் போனது முள்ளங்கி முளைகள் மேல். விற்பனை சரிந்ததும், அப்போதைய சுகாதார அமைச்சர் நவோதோ கான் டிவி கேமரா முன்னால் முள்ளங்கி முளையைச் சாப்பிட்டுக் காட்டினார்.

கழுவினால் போகாதா?

நியாயமான கேள்வி. 1999-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, முளை தயாரிப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. விதையை முளைகட்டும் முன் கிருமிநீக்கம் செய்யணும். உதாரணத்துக்கு 20,000 பிபிஎம் கால்சியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் ஊற வைக்கலாம் என்றது. நம் ஊரில் பிளீச்சிங் பவுடர் என்று சொல்வோமே, அந்த வகைச் சரக்கு. குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் ஏற்கும் குளோரின் அளவு லிட்டருக்கு 5 மில்லிகிராம். அதோடு ஒப்பிட்டால் இது ஆயிரக்கணக்கான மடங்கு.

அப்படி ஊற வைத்தாலும் முழுசாகப் போவதில்லை. விதைத் தோலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வெடிப்பும் மடிப்புமாக இருக்கும். கிருமி அந்த இடுக்கில் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே காற்று அடைத்திருப்பதால் தண்ணீர் அங்கே போய்ச் சேருவதே கஷ்டம். போகும் வழியில் இருக்கும் அழுக்கோடு வினைபுரிந்து குளோரினும் தீர்ந்துவிடும். சூடு காட்டினால் கிருமி சாகும், கூடவே முளைக்கும் திறனும் போகும்.

ஆக நமக்கு வேண்டியது இடுக்குக்குள் நுழையக்கூடிய வாயு மாதிரி ஒன்று. சூடு இருக்கக்கூடாது, ஈரம் கூடாது, வேலை முடிந்ததும் தானாக மறைந்துவிடணும். இப்படி ஒன்று ஏற்கனவே இருக்கிறது. அதன் பெயர் குளிர் பிளாஸ்மா.

தொட்டால் சுடாத 10,000 டிகிரி

ஸ்கூலில் திடம், திரவம், வாயு என்று மூணு நிலை படிச்சிருப்போம். வாயுவுக்கு இன்னும் ஆற்றல் கொடுத்தால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். மின்னூட்டம் கொண்ட துகள்கள் நிறைந்த அந்த வாயுதான் பிளாஸ்மா. சூரியன் பிளாஸ்மா. மின்னல் பிளாஸ்மா. வீட்டுப் பழைய டியூப்லைட்டுக்குள் இருப்பதும் பிளாஸ்மாதான்.

எரிஞ்சுக்கிட்டு இருக்கிற டியூப்லைட்டைத் தொட்டா கை வெந்துபோகாது. ஆனா உள்ளே எலக்ட்ரான்களின் வெப்பநிலை 10,000 டிகிரி அளவில் இருக்கும். எலக்ட்ரான் ரொம்ப லேசு, வாயு அணு ரொம்பக் கனம். லாரி மேல டென்னிஸ் பந்தை எறிஞ்சா லாரி நகராது இல்லையா? அது மாதிரி எலக்ட்ரான் எவ்வளவு வேகமாக மோதினாலும் வாயு அவ்வளவாகச் சூடாகாது. ஆனால் அந்த மோதல் மூலக்கூறுகளை உடைக்கும். காற்றில் இதைச் செய்தால் ஓசோன், நைட்ரஜன் ஆக்சைடுகள், தனி ஆக்ஸிஜன் அணுக்கள், கொஞ்சம் புறஊதாக் கதிர் எல்லாம் உருவாகும். இவை சேர்ந்து பாக்டீரியாவின் வெளிச்சவ்வைத் தாக்கும். மின்சாரத்தை நிறுத்தினால் இதில் பெரும்பகுதி சீக்கிரமே பழையபடி சாதாரணக் காற்றாக மாறிவிடும்.

இதைச் செய்யும் கருவி புதுசு இல்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். 1857-இல் ஜெர்மன் பொறியாளர் வெர்னர் சீமென்ஸ், ஆமாம், சீமென்ஸ் கம்பெனி தொடங்கியவரேதான், தந்திக் கேபிள்களில் சிக்னல் ஏன் தாமதமாகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். நம்ம பாஷையில் சொன்னா நெட்வொர்க் லேட்டன்சி பற்றிய கட்டுரை. அதற்குள் போகிற போக்கில் ஒரு கருவியை விவரித்தார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குழாய்கள். உலோகத் தகடுகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். நடுவில் உள்ள இடைவெளியில் காற்று ஓடும். உயர் மின்னழுத்தம் கொடுத்தால், கண்ணாடி தடுப்பாக நிற்பதால் பெரிய தீப்பொறி பாயாது. அதற்குப் பதிலாகச் சின்னச் சின்ன மின்னிறக்கங்கள் இடைவெளி முழுக்கப் பரவும். காற்றிலிருந்து ஓசோன் வரும்.

ஓசோன் தண்ணீரில் கிருமியைக் கொல்லும் என்பது தெரிந்ததும் இந்தக் குழாய்க்கு வேலை கிடைத்தது. 1906-இல் பிரான்ஸின் நீஸ் நகரம் குடிநீரை ஓசோனால் சுத்திகரிக்கத் தொடங்கியது. ஆனால் குழாய்க்குள் இருப்பது என்ன என்பதற்குப் பெயர் வரவில்லை. 1928-இல்தான் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் இருந்த இர்விங் லாங்மியூர் அதைப் பிளாஸ்மா என்று அழைத்தார். கருவி வந்து 71 வருஷம் கழித்துப் பெயர்.

வயலுக்கு வந்த மின்சாரம், வந்த வழியே போனது

தண்ணீருக்கு 1906-லேயே வந்த தொழில்நுட்பம் விதைக்கு ஏன் வரவில்லை? மின்சாரத்தை விதைக்கும் பயிருக்கும் கொடுத்துப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் அவர்களின் நோக்கம் கிருமியைக் கொல்வது இல்லை, விளைச்சலைக் கூட்டுவது. இதற்கு எலக்ட்ரோகல்ச்சர் என்று பெயர்.

ஃபின்லாந்தின் பேராசிரியர் செலிம் லெம்ஸ்ட்ரோம் லாப்லாந்துக்குப் போய் வடதுருவ ஒளியை ஆராய்ந்தவர். கோடை அவ்வளவு குறுகிய அந்த வடக்கில் செடிகள் செழிப்பாக வளர்வதற்குக் காற்றில் உள்ள மின்சாரம் காரணமாக இருக்குமோ என்று அவருக்குத் தோன்றியது. 1880-களிலிருந்து வயலுக்கு மேல் கம்பி வலை கட்டி உயர் மின்னழுத்தம் கொடுத்துப் பார்த்தார். சில பயிர்களில் விளைச்சல் கூடியது என்று எழுதினார். முதல் உலகப் போர் முடியும் சமயம், உணவுத் தட்டுப்பாட்டில் இருந்த பிரிட்டன் இதை அரசு அளவில் எடுத்துக்கொண்டது. 1918-இல் விவசாய வாரியம் எலக்ட்ரோகல்ச்சருக்கென்று ஒரு குழுவே அமைத்தது.

18 வருஷம் அந்தக் குழு வேலை செய்தது. ஒரு வருஷம் நல்ல விளைச்சல், அடுத்த வருஷம் ஒன்றுமில்லை. ஒரு பண்ணையில் வந்த முடிவு இன்னொரு பண்ணையில் வராது. 1936-இல் குழுவை மூடிவிட்டார்கள்.

சாஃப்ட்வேர் வேலை செய்றவங்களுக்கு இது ரொம்பப் பழக்கமான வியாதி. "என் மெஷின்ல ஓடுதே" என்பதுதான் அது. செடிக்கு உண்மையில் எவ்வளவு மின்சாரம் போய்ச் சேர்ந்தது, அன்றைக்குக் காற்றில் ஈரம் எவ்வளவு, மழை எவ்வளவு என்று எல்லாமே மாறிக்கொண்டே இருந்தால், முடிவை மட்டும் ஒப்பிட்டு என்ன பயன்? டோஸ் சரியாகத் தெரியாத மருந்து மாதிரிதான். இதை மனசில் வச்சுக்குங்க, மறுபடி வருவோம்.

கீரைப் பைக்குள் ஒரு மின்னல்

1990-களில் ஆஸ்பத்திரிகளுக்குப் பிளாஸ்மா வந்தது. சூடு தாங்காத அறுவை சிகிச்சைக் கருவிகளை ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மாவில் சுத்தம் செய்தார்கள். ஆனால் அது வெற்றிட அறைக்குள் நடக்கும் வேலை. ஒரு கீரைக் கட்டை வெற்றிடத்தில் வைத்தால் அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி வாடிப்போகும். சாதாரணக் காற்றழுத்தத்திலேயே சீரான பிளாஸ்மா வேண்டும்.

அதற்கான அடித்தளத்தை 1980-களின் கடைசியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் போட்டார்கள். 1990-களில் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில், காற்றிலேயே சீரான பிளாஸ்மாவை உருவாக்கி அதைக் கிருமிகள் மேல் சோதித்தார்கள். அடிப்படையில் எல்லாம் பழைய கதைதான்: இரண்டு மின்முனை, நடுவில் ஒரு மின்கடத்தாப் பொருள். அதாவது சீமென்ஸின் ஐடியா.

2006-இல் அமெரிக்காவில் பையில் அடைத்த பச்சைக் கீரை சாப்பிட்டுச் சுமார் 200 பேருக்கு ஈ.கோலை நோய் வந்தது, 3 பேர் இறந்தார்கள். கழுவிப் பையில் போட்டு "அப்படியே சாப்பிடலாம்" என்று விற்ற கீரை. அடுத்த வருஷமே டென்னசி ஆய்வாளர்கள் ஆப்பிள், முலாம்பழம், லெட்டூஸ் மேல் பிளாஸ்மாவைச் சோதித்த கட்டுரை வெளியானது. சில நிமிடங்களில் கிருமிகளின் எண்ணிக்கை நூறில் ஒன்றுக்கும் கீழே போனது.

2009-இல் பர்டியூ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த யோசனை இன்னும் அழகு. கீரையைப் பையில் போட்டு ஒட்டிவிடு. ஒட்டிய பையை இரண்டு மின்முனைகளுக்கு நடுவில் வை. பையின் பிளாஸ்டிக்கே மின்கடத்தாப் பொருள், அதாவது சீமென்ஸின் கண்ணாடி. பைக்குள் இருக்கும் காற்றே பிளாஸ்மா ஆகும். அதில் உருவாகும் ஓசோன் உள்ளேயே இருந்து வேலையைத் தொடரும், வெளியிலிருந்து புதுக் கிருமி வரவும் வழியில்லை. ஒரு நாள் கழித்துப் பார்த்தால் ஈ.கோலை ஆயிரத்தில் ஒன்று முதல் லட்சத்தில் ஒன்று வரை குறைந்திருந்தது. ஆனால் கீரையின் நிறமும் கெட்டுப்போனது. கிருமியை உடைக்கிற ரசாயனத்துக்கு இலையின் பச்சையம் வேற, பாக்டீரியா வேற என்று பார்க்கத் தெரியாது.

2014-இல் டப்ளினில் இதே முறையில் தக்காளியையும் ஸ்ட்ராபெரியையும் ஒப்பிட்டார்கள். வழுவழுப்பான செர்ரி தக்காளி மேல் சால்மோனெல்லா 10 வினாடியில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குப் போனது, ஈ.கோலை 60 வினாடியில் போனது. ஸ்ட்ராபெரிக்கு 300 வினாடி கொடுத்தும் கிருமி மிச்சம் இருந்தது. காரணம், ஸ்ட்ராபெரியின் மேடு பள்ளம். வாயு கூட இடுக்குக்குள் சுலபமாக நுழைந்துவிடுவதில்லை என்பது இதில் தெரிந்தது.

விதை ஏன் கடினமான பரீட்சை

இப்போ விதைக்கு வருவோம். 2008-இல் துருக்கி ஆய்வாளர்கள் கோதுமை, பார்லி, மக்காச்சோளம், கொண்டைக்கடலை போன்றவற்றின் மேல் பூஞ்சையைத் தடவி, குறைந்த அழுத்தப் பிளாஸ்மாவில் வைத்தார்கள். 15 நிமிடத்தில் பூஞ்சை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்தது. விதையின் முளைப்புத்திறனும் கெடவில்லை. ஆனால் அந்த முடிவு கிடைத்தது சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு வாயுவில். அது கார்பன் டை ஆக்சைடை விட இருபதாயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும் வாயு. லேபில் சரி, டன் கணக்கில் விதைக்கு யோசிக்கணும்.

2012-இல் இஸ்ரேலில் பயறு, கோதுமை விதைகளை வைத்துச் செய்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. பிளாஸ்மா பட்ட விதைத் தோல் தண்ணீரை அதிகமாக உறிஞ்சுகிறது, முளைப்பும் வேகமாகிறது. அதற்கு முன்பே, 2000-இல், விஸ்கான்சின் ஆய்வாளர்கள் இதற்கு நேர் எதிரானதைச் செய்திருந்தார்கள். வேற வாயுவைப் பயன்படுத்தி விதைத் தோலில் தண்ணீர் ஒட்டாத படலம் உண்டாக்கி, முளைப்பைத் தள்ளிப்போட்டார்கள். ஒரே தொழில்நுட்பம், வாயுவும் நேரமும் மாறினால் விளைவும் தலைகீழ். கொஞ்ச நேரம் காட்டினால் விதைக்கு நல்லது, ரொம்ப நேரம் காட்டினால் கரு பாதிக்கப்படும். கிருமி சாகும் நேரத்துக்கும் விதை பாதிக்கப்படும் நேரத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் நமக்கு வேலை செய்யக் கிடைத்த இடம். அந்த இடைவெளி ஒவ்வொரு விதைக்கும் வேற.

சரி, எவ்வளவு கிருமியைக் கொன்றால் போதும்? கீரையில் 99.9 சதவீதம் கொன்றால் பெரிய வெற்றி. ஃப்ரிட்ஜில் வைத்த கீரையில் மிச்சமிருப்பவை வேகமாகப் பெருகாது. விதையில் அதே 99.9 சதவீதம் போதாமல் போகலாம். முதலில் பார்த்த இரட்டிப்புக் கணக்கை நினைச்சுப் பாருங்க. மூட்டையில் மிச்சமான ஒன்றிரண்டு, ஒரே ராத்திரியில் லட்சங்களாகிவிடும். தோட்டத்தில் விதைக்கும் விதைக்குப் பூஞ்சை குறைந்தாலே லாபம். பச்சையாகச் சாப்பிடும் முளைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. "பிளாஸ்மா கிருமியைக் கொல்லும்" என்று வரும் செய்திகளில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுவதைப் பார்க்கலாம்.

எலக்ட்ரோகல்ச்சர் குழு மாட்டிக்கொண்ட இடத்துக்கு இப்போது திரும்பி வந்துவிட்டோம். ஒவ்வொரு ஆய்வகமும் தன் கருவியைத் தானே கட்டுகிறது. மின்னழுத்தம், அதிர்வெண், இடைவெளி, காற்றின் ஈரம் எல்லாம் வேற வேற. ஒருவர் "5 நிமிடம்" என்றால் இன்னொருவர் கருவியில் அது 30 வினாடியாக இருக்கலாம். ஒரு தட்டில் நூறு விதையைப் பரப்பிச் செய்வது ஒன்று. ஒவ்வொரு விதையின் எல்லாப் பக்கமும் படும்படி டன் கணக்கில் உருட்டிச் செய்வது வேறொன்று.

இதற்குப் பக்கத்து வீட்டு உதாரணம் ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து ஃபிரான்ஹோஃபர் நிறுவனம், விதைத் தோலை மட்டும் தொட்டுத் திரும்பும் எலக்ட்ரான் கற்றையை உருவாக்கியது. உள்ளே கரு பத்திரம், மேலே பூஞ்சை காலி. அது பிளாஸ்மா இல்லை, உறவுக்காரத் தொழில்நுட்பம். ஆனால் லேபை விட்டு வெளியே வந்து, தானிய விதைகளுக்கு வணிக அளவில் பயன்பாட்டில் இருக்கிறது. எலக்ட்ரானின் ஆற்றல் தெரிந்தால் அது எவ்வளவு ஆழம் போகும், எவ்வளவு டோஸ் விழும் என்று கணக்குப் போடலாம். அந்த மாதிரி ஓர் அளவுகோல்தான் பிளாஸ்மாவுக்கு வேண்டும். நம்ம தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம் உட்பட உலகம் முழுக்கப் பல இடங்களில் குளிர் பிளாஸ்மா ஆராய்ச்சி நடக்கிறது. அவர்கள் எல்லாரும் ஒரே அளவுகோலில் பேசினால்தான் ஒரு ஊரின் முடிவு இன்னொரு ஊரில் செல்லும்.

நாளைக்கே கடையில் "பிளாஸ்மா முறையில் சுத்தம் செய்தது" என்று ஒரு பாக்கெட் வந்தால் மூணு கேள்வி கேளுங்க. எந்தக் கிருமிக்குச் சோதித்தார்கள்? எவ்வளவு மிச்சம் இருந்தது? முளைகட்டிய பிறகும் எண்ணிப் பார்த்தார்களா? மூணாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், அது வெறும் விளம்பரம்.

அதுவரைக்கும், வீட்டில் கர்ப்பிணிகளோ சின்னக் குழந்தைகளோ வயசானவங்களோ இருந்தா, முளைகட்டின பயறை நல்லா வேக வச்சுக் கொடுங்க. சீமென்ஸின் குழாய்க்கு இன்னும் சரியாகக் கைவராத வேலையை நம்ம அடுப்பு செஞ்சிடும். முளைத்து முடிந்த விதையை உயிரோடு வைக்க வேண்டிய கட்டாயம் அடுப்புக்கு இல்லையே.